அம்மிணிக்கு, பள்ளிக்கூட கேட்டில் நடந்தது பற்றி

அம்மிணி,

நீ போனை எடுக்காததில் எனக்குக் கோபமில்லை. எடுத்திருந்தால் நான் சத்தம் போட்டிருப்பேன், நீ "சரிங்கப்பா" என்று வைத்திருப்பாய், விஷயம் அப்படியே கிடந்திருக்கும். எழுதினால் யாரும் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன். "ரெண்டு வார்த்தை பேசி வாய்ஸ் மெசேஜ் போட்டா முடிஞ்சுது, எதுக்குங்க கண்ணாடியைக் கழட்டிக் கழட்டி மாட்டிட்டு" என்று உங்கம்மா அடுப்படியிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறாள். ரெண்டு வார்த்தையில் முடிகிற சங்கதி என்றால் நான் ஏன் சொல்லாமல் கொள்ளாமல் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறப் போகிறேன்.

உனக்குத் தெரிந்தது பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்ன பாதி. மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது. அதை உன்னிடம் சொல்லாமலே வந்துவிட்டேன், அது என் தப்பு.

மாப்பிள்ளை வேலையாகப் புனே போயிருந்த அந்த மூன்று வாரமும் பையனைப் பள்ளிக்கூடம் தாட்டிவிடுவது என் பொறுப்பு. சரவணம்பட்டியில் உங்கள் அப்பார்ட்மெண்ட் கேட்டிலிருந்து பள்ளிக்கூட கேட் 800 மீட்டர், போனில் அளந்து காட்டியது நீதான். என் காலுக்கு 1,150 எட்டு, அவன் காலுக்கு ரெண்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைய. பன்னிரண்டு நிமிசம் ஆகும், வழியில் பூனை கண்ணில் பட்டால் பதினஞ்சு. எட்டேகாலுக்கு நாங்கள் போய்ச் சேரும்போது அந்த கேட்டுக்கு முன்னால் நடக்கும் கூத்து இருக்கிறதே, 32 வருசம் பஸ் ஓட்டினவன் கண்ணுக்கு அது ஆகவே ஆகாது. ரெண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒன்று மண்ணில் இறங்க வேண்டிய ரோடு. அதன் நடுவில் ஒரு கார் நிற்கும், கதவு திறக்கும், முதலில் பை வரும், அப்புறம் தண்ணீர் பாட்டில், அப்புறம் ஒரு ஷூ, கடைசியில்தான் பிள்ளை. பிள்ளை உள்ளே மறைகிற வரைக்கும் கார் நகராது. நகர்ந்தால் அதே இடத்தில் ரிவர்ஸ். ரிவர்ஸ் வருகிற காருக்குப் பின்னால் இன்னொரு வீட்டுப் பிள்ளை ஷூ லேஸ் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அது எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. இப்போது வருகிற உயரமான வண்டிகளில் பானெட்டை ஒட்டி நிற்கிற யூகேஜி பிள்ளைகூட டிரைவர் கண்ணுக்குத் தட்டுப்படாது. நாங்கள் பஸ் ஸ்டாண்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது கண்டக்டர் பின்னால் போய் நின்று விசில் கொடுக்காமல் வண்டியை ஓர் அடி நகர்த்த மாட்டோம். இங்கே ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு எடுக்கிறார்கள்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை, அதையும் நீ ஒத்துக்கொள்ள வேண்டும். ராத்திரி தோசை ஊற்றிக்கொண்டே நீ என்ன சொன்னாய்? "நம்ம பி பிளாக்தானுங்கப்பா, அந்த வெள்ளைக் கார். இங்கிருந்து அங்க போறதுக்குக் கார். நடந்தா கால் தேஞ்சா போயிரும்?" அந்தம்மா கூலிங்கிளாஸ் மாட்டுகிற மாதிரி நடித்துக்கூடக் காட்டினாய், நான் சிரித்துப் புரையேறி உங்கம்மாவுக்கு அப்போதே போன் போட்டுச் சொன்னேன். உன் பையனை நடத்திக் கூட்டிப் போகிறோம் என்பதில் உனக்கு ஒரு பெருமை, எனக்கு உன்னைப் பார்த்து ஒரு பெருமை. நீ வீட்டுக்குள் சொன்னதை நான் கேட்டில் நின்று சொன்னேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

என்ன, நான் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். பஸ் ஓட்டினவன் தொண்டை. "ஏம்மிணி, இந்தா இருக்கற பள்ளிக்கூடத்துக்குக் காரா? புள்ளைக்குக் கால் இருக்குதில்ல?" அவ்வளவுதான் கேட்டேன். அந்தப் பெண் பதில் சொல்லவில்லை, பின்னால் ஹாரன் அடித்தார்கள், போய்விட்டாள். ஆனால் காரிலிருந்து இறங்கிய பாப்பா என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, குனிந்து தன் காலைப் பார்த்தது. நான் என்னவோ அதன் காலைக் குறை சொன்ன மாதிரி. அது எனக்கு அப்போதே நறுக்கென்றுதான் இருந்தது, நம்ம பையன் கையைப் பிடித்து இழுத்ததில் அப்படியே உள்ளே போய்விட்டேன்.

பொழுதோட நீ வீட்டுக்கு வந்து போட்ட சண்டை இருக்கட்டும். "நான் இங்க குடியிருக்கோணுங்கப்பா, நீங்க ஊருக்குப் போயிருவீங்க" என்றாய். அது நியாயம். அதற்கப்புறம் ஒன்று சொன்னாயே, அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மறுநாள் காலையில் லிஃப்டில் அவளே நின்றாள். பாப்பாவும் கூட. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவளே பேச்சை எடுத்தாள். "ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. நான் இப்படியே திருப்பூர் போறனுங்க. பாப்பாவை இறக்கிட்டு அவிநாசி வழியாப் போயிருவேன். நடந்து கொண்டுபோய் விட்டுட்டு மறுபடி காரை எடுக்க வந்தா இருபத்தஞ்சு நிமிசம் போயிருதுங்க." பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலையாம், ஒன்பதரைக்குள் பஞ்ச் பண்ண வேண்டுமாம், திரும்பி வர ஏழரை எட்டு ஆகுமாம். 45 கிலோமீட்டர் பக்கம் வரும், போக ஒரு தடவை வர ஒரு தடவை. அவள் சத்தம் போட்டிருந்தால் நானும் திருப்பிப் போட்டிருப்பேன். 'ங்க' போட்டுப் பேசினாள், என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. கீழே இறங்கும்போது பாப்பா டாட்டா வேறு காட்டியது.

நான் சத்தியமங்கலம் லைனில் எத்தனை வருசம் ஓடியிருக்கிறேன். சத்தியில் ஏறிக் கோயமுத்தூருக்கு டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருக்கிற ஆளை, கோவில்பாளையத்தில் ஏறுகிற செக்கர் ஒருத்தர் பார்த்து, "இங்கிருந்து சரவணம்பட்டி என்ன பெரிய தூரமா, இதுக்கு ஒரு பஸ்ஸா" என்று கேட்டால் நாங்கள் அவரைப் பைத்தியம் என்றுதான் சொல்லியிருப்போம். அந்தப் பெண்ணுடைய பயணத்தில் நான் பார்த்தது முதல் ஸ்டேஜ் மட்டும்தான். நீயும் அதைத்தான் பார்த்தாய். ஒரே கட்டிடத்தில் ரெண்டு வருசமாக இருக்கிறீர்கள், அவள் எங்கே வேலைக்குப் போகிறாள் என்று உனக்குத் தெரியவில்லை, கூலிங்கிளாஸ் மட்டும் தெரிந்திருக்கிறது. (சண்டைக்கு இழுக்கவில்லை. எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

அதற்காக எல்லாக் காரும் திருப்பூர் போகிறது என்று நான் நம்பிவிடவில்லை. எனக்குள் இருக்கிற செக்கர் அவ்வளவு சுலபத்தில் ரிட்டயர் ஆகமாட்டான். அடுத்த ரெண்டு நாள் பையனை உள்ளே விட்டுவிட்டு எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்து பார்த்தேன். பாதிக்கு மேல் கார்கள் வந்த தடத்திலேயே திரும்பிப் போகின்றன. சும்மா வீட்டுக்குத்தான். அதில் ஒருத்தர் டீசல் விலையைப் பற்றி என்னிடமே புலம்பினார். வண்டி எஞ்சின் சூடு ஏறுவதற்கே நாலஞ்சு கிலோமீட்டர் ஓட வேண்டும், அதற்கு முன்னால் எண்ணெயைக் குடித்துத்தான் ஓடும், புகையும் அப்போதுதான் அதிகம். 2020க்கு அப்புறம் வந்த பிஎஸ் 6 டீசல் வண்டிகளில் புகையை வடிகட்ட ஒரு ஃபில்டர் வைத்திருக்கிறார்கள், வண்டி நல்ல சூட்டில் கொஞ்ச தூரம் ஓடினால்தான் அதில் சேர்ந்த கரி எரிந்து போகும். இந்த மாதிரி 800 மீட்டர் போய் 800 மீட்டர் வந்தால் அது அடைத்துக்கொண்டு டேஷ்போர்டில் விளக்கு எரியும், மெக்கானிக் கடைக்குக் கொண்டுபோய் விட வேண்டியதுதான். அவரிடம் இதைச் சொன்னேன். ரொம்ப மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். மறுநாளும் காரில்தான் வந்தார்.

ஏனுங்க என்று கேட்டேன், இந்தத் தடவை தொண்டையைக் குறைத்துக்கொண்டு. "அந்த டிரான்ஸ்பார்மர் முக்குங்க" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் அந்த முக்கு எனக்கும் தெரியும்.

உனக்கும் தெரியும். டீக்கடை தாண்டி, டிரான்ஸ்பார்மர் தொடங்கி அந்தக் காலி சைட்டின் காம்பவுண்டு சுவர் முடிகிற வரைக்கும். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் தார், நடுவில் மூடி உடைந்த சாக்கடை. ஓரமாக யாரோ வீடு கட்ட இறக்கிய மணல் ஆறு மாசமாக அங்கேயே கிடக்கிறது. பிள்ளையும் நானும் அங்கே தாரில்தான் நடந்தாக வேண்டும், சரியாக அந்த நேரத்துக்குத்தான் தண்ணீர் லாரி வரும். நான் பையனைச் சுவர்ப் பக்கம் விட்டு நான் ரோட்டுப் பக்கம் நடப்பேன், கையை விடவே மாட்டேன். 40 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் வரும். டிரைவர் பார்த்து, காலை பிரேக்குக்குக் கொண்டுபோவதற்குள் கிட்டத்தட்ட மூன்று கார் நீளம் போய்விடும், அதற்கப்புறம்தான் பிரேக்கே பிடிக்கும். வேகம் ரெட்டிப்பானால் பிரேக் பிடித்த பிறகு ஓடி நிற்கிற தூரம் நாலு மடங்கு. இதெல்லாம் எனக்கு லைசென்ஸ் வாங்கும்போது பாடம். அந்த முக்கில் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் அது வயிற்றுக்குள் இறங்கியது. எட்டி எட்டி அளந்து பார்த்தேன், 40 மீட்டர் வரும். 800 மீட்டரில் மீதி 760 மீட்டர் ஒரு பிரச்சினையும் இல்லாத ரோடு. இந்த 40 மீட்டருக்குப் பயந்துதான் பாதிப் பேர் காரை எடுக்கிறார்கள், அப்படி எடுத்த கார்கள் எல்லாம் சேர்ந்துதான் அந்த 40 மீட்டரை இன்னும் பயமாக்குகின்றன. யார் முதலில் இறங்கி நடப்பது?

சரவணம்பட்டியை 2011ல் மாநகராட்சியோடு சேர்த்தபோது நான் இன்னும் வேலையில்தான் இருந்தேன். அதற்கு முன்னால், ஐடி கம்பெனிகள் வருவதற்கும் முன்னால், சோளக்காட்டுக்கு நடுவில் நிற்கிற ஸ்டாப் அது, கை காட்டினால்தான் நிறுத்துவோம். இப்போது ஊர் வளர்ந்து கோயமுத்தூரே அதுவரைக்கும் வந்துவிட்டது. அவிநாசி ரோட்டில் 10 கிலோமீட்டருக்கு மேம்பாலம் கட்டியிருக்கிறார்கள், நான் குறை சொல்லவில்லை, போய்ப் பார்த்தேன், அருமையாக இருக்கிறது. ரேஸ்கோர்ஸைச் சுற்றி நடக்க நல்ல பாதை போட்டிருக்கிறார்கள், அங்கே நடப்பதற்கு ஜனங்கள் காரில் வருகிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு நடக்கிற பிள்ளைக்கு உடைந்த சாக்கடை மூடிக்கு மேல் நாலு சிமெண்டு ஸ்லாப் போட ஆள் இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகளில் அஞ்சாவது வரைக்கும் படிக்கிற பிள்ளைக்கு 1 கிலோமீட்டருக்குள், எட்டாவது வரைக்கும் 3 கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்று இருக்கிறது. பிள்ளை நடந்து போகும் என்று நினைத்துத்தான் அதை எழுதியிருக்கிறார்கள். எதன் மேல் நடக்கும் என்று எழுதவில்லை.

சரி, நீ அன்றைக்குச் சொன்னதற்கு வருகிறேன்.

"என்னை ஒரு நாளாச்சும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்கீங்களா? அந்த இட்டேரில ரெண்டு வருசம் நான் தெனமும் பயந்துட்டே போனேன், உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாய்.

தெரியாது அம்மிணி. நிஜமாகவே தெரியாது. நான் எத்தனை கல்யாணத்தில், எத்தனை ஓரம்பரை முன்னால், "எங்க பொண்ணு மூணு கிலோமீட்டர் இட்டேரில நடந்து போய்ப் படிச்சு இஞ்சினியர் ஆச்சு" என்று சொல்லியிருப்பேன். அதில் உன்னைவிட எனக்குத்தான் பெருமை அதிகம், என்னவோ நானே நடந்த மாதிரி. ரெண்டு பக்கமும் கிளுவை வேலி, ஊடே பிரண்டை, கோவைக்கொடி, சூரிப்பழம், வேலிக்குள்ளே கவுதாரி. நீ தீப்பெட்டியில் பொன்வண்டு போட்டுக்கொண்டு வருவாய், அதற்கு இலை போட்டு வைப்பாய். எனக்கு அந்த இட்டேரி என்றால் அதுதான் ஞாபகம். லீவு நாளில் பார்த்த இட்டேரி. டூட்டி நாளில் காலை நாலரைக்கே நான் கிளம்பிவிடுவேன், நீ எப்படிப் போனாய் எப்படி வந்தாய் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

நீ கோபத்தில் சொன்னதை உங்கம்மாவிடம் கேட்டேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆறாவது, ஏழாவதில் நீங்கள் ஏழெட்டுப் பிள்ளைகள் சேர்ந்துதான் போனீர்களாம், கூச்சல் நம்ம களத்துமேடு வரைக்கும் கேட்குமாம். அப்புறம் நம்ம ஊருக்குள் முதல் முதலாக அந்த இங்கிலீஷ் மீடியம் பள்ளி வேன் வந்தது, நாலு வீட்டுப் பிள்ளைகள் அதில் ஏறினார்கள். ஒருத்தியைத் திருச்செங்கோடு பக்கம் ஹாஸ்டலில் போட்டார்கள். மேலத்தோட்டத்துப் பிள்ளை பத்தாவதோடு நின்று மில்லுக்குப் போனது. 2001ல் நீ ஒன்பதாவது போகும்போது அந்தத் தடத்தில் நீ ஒருத்திதான் மிச்சம். செங்கல் சூளைப் பக்கம் வரும்போது அந்த நாய். சூளையில் சாயங்காலம் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவர்கள். கிளுவை வேலி ஆள் உயரத்துக்கு இருக்கும், உள்ளே போனால் அக்கட்டம் வெளியே வருகிற வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. நீ கையில் காம்பஸ் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டுதான் அந்த இடத்தைத் தாண்டுவாய் என்று உங்கம்மா சொன்னபோது நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

பள்ளிக்கூடம் தூரம் என்பது ஒரு நாளும் பிரச்சினையாக இருந்ததில்லை. கூட நடந்தவர்கள் ஒவ்வொருத்தராக வண்டி ஏறியதுதான் பிரச்சினை. ஒரு பிள்ளை வண்டியில் ஏறினால் தடத்தில் ஒன்று குறைகிறது, மிச்சம் இருக்கிற பிள்ளையின் பயம் ஒரு பங்கு கூடுகிறது, அப்புறம் அதன் அப்பனும் வண்டி தேடுகிறான். அந்த நாலு வீட்டுக்காரர்களை நான் அப்போது எப்படியெல்லாம் பேசினேன் தெரியுமா? "வேன்ல போனாத்தான் படிப்பு ஏறுமா, பவுசு" என்று டீக்கடையில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறேன். அதே வேனுக்கு உன்னையும் அனுப்பலாமா என்று உங்கம்மா கேட்டாள், பள்ளி மாற்ற வேண்டாம், முக்கு வரைக்கும் அதில் போகட்டும், வேன்காரரிடம் பேசிப் பார்க்கலாம் என்றுதான் கேட்டாள். மாசம் ஒரு தொகை ஆகும். "நடந்தா என்ன கேடு" என்று சொல்லிவிட்டேன். அந்த வருசம் போர் போட வேண்டியிருந்தது, பணம் அதற்குப் போனது. போர்வெல்லில் தண்ணீரும் வரவில்லை என்பது தனிக்கதை. ஆக நீ நடந்தது நம் வீட்டுக் கஷ்டத்தால் மட்டும் இல்லை, என் பிடிவாதத்தாலும்தான். அதைத்தான் இத்தனை வருசமாக நான் ஒழுக்கம் மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அரசாங்க சைக்கிளாவது கிடைத்திருக்கலாம், அது எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்தது நீ பிளஸ் டூ முடித்த பிறகு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஆரம்பித்த பிறகு எதற்கு மிச்சம் வைப்பது. காலை எட்டு மணி டிரிப்பில், பஸ் பாஸ் பிள்ளைகள் இருபது முப்பது பேர் நிற்கிற ஸ்டாப் ஒன்று ரெண்டு உண்டு. உள்ளே ஏற்கெனவே நிற்க இடமிருக்காது, படியில் தொங்கினால் விழுந்து தொலைப்பார்கள், டைமுக்குப் போகவில்லை என்றால் மெமோ. ஸ்டாப்புக்கு நூறு அடி தள்ளி நிறுத்தி ரெண்டு பேரை இறக்கிவிட்டு எடுத்துவிடுவோம். பிள்ளைகள் பையோடு ஓடி வரும். கண்ணாடியில் பார்ப்பேன், கியர் போடுவேன். நானும் செய்திருக்கிறேன், ஒரு தடவை ரெண்டு தடவை இல்லை. அந்தப் பிள்ளைகளின் அப்பன்மார் அடுத்த மாசம் ஒரு டிவிஎஸ் 50 வாங்கி முன்னால் ஒன்று பின்னால் ரெண்டு என்று ஏற்றிக்கொண்டு போவார்கள், நான் பஸ்ஸுக்குள்ளிருந்து, "பாரு, சாகறதுக்குன்னே போறான்" என்று கண்டக்டரிடம் சொல்வேன். இப்போது உங்கள் பள்ளி கேட்டில் கார்களைப் பார்த்துத் திட்டியதும் அதே ஆள்தான்.

2012ல் தாம்பரம் பக்கம் பள்ளி பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு ரெண்டாங்கிளாஸ் பிள்ளை விழுந்து செத்ததே, உனக்கு ஞாபகம் இருக்கும். அதற்கப்புறம்தான் பள்ளி வண்டிகளுக்கென்று அரசு தனி விதி போட்டது, இப்போது வருசா வருசம் மே மாசம் ஆர்டிஓ வந்து மைதானத்தில் நிறுத்திப் பார்க்கிறார்கள். அன்றைக்கு எங்கள் டிரைவர் ரூமில் ஒருத்தரும் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. அப்படி ஒன்றைக் கேட்ட தாய் தகப்பன், என் பிள்ளையை என் கையால்தான் இறக்கிவிடுவேன் என்று நினைத்தால் அதைச் சோம்பேறித்தனம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியுமா? சோம்பேறித்தனமும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அந்த டீசல் வண்டிக்காரர் மாதிரி. ஆனால் காருக்குள் யார் எதனால் உட்கார்ந்திருக்கிறார் என்பது வெளியே நிற்கிறவனுக்குத் தெரியாது, அதுவும் கண்ணாடிக்குக் கறுப்புப் பேப்பர் ஒட்டியிருந்தால்.

நடப்பது நல்லது என்பதில் நான் மாறவில்லை. நம்ம பையன் அந்த மூன்று வாரத்தில் எத்தனை பேச்சுப் பேசினான். சாக்கடையில் தண்ணீர் எங்கே போகிறது, டிரான்ஸ்பார்மர் ஏன் உறுமுகிறது, அப்பிச்சி நீங்க செத்துப் போனா பஸ்ஸை யாரு ஓட்டுவாங்க. காரில் போனால் இதெல்லாம் வராது. நீ அவனை நடத்திக் கூட்டிப் போவதை விட்டுவிடாதே. தோசை ஊற்றும்போது கூலிங்கிளாஸ் நடிப்பு மட்டும் வேண்டாம், பையன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அன்றைக்கு நான் கேட்டில் கத்திவிட்டு வந்த பிறகு அவன் என்னிடம் கேட்டது இதுதான்: "அப்பிச்சி, அந்த பாப்பா கெட்ட பாப்பாவா?"

ஆடிப்பதினெட்டு முடிந்ததும் வருகிறேன். மாப்பிள்ளைக்கு அடுத்த டூர் எப்போது என்று சொல், இல்லாவிட்டாலும் வருகிறேன். பி பிளாக் பெண்ணிடம் நானே பேசிக்கொள்கிறேன், நீ முன்கூட்டி ஒன்றும் சொல்லிவைக்க வேண்டாம். முதலில் மன்னிப்புக் கேட்கிறேன், அதைப் பாப்பா இருக்கும்போதே கேட்க வேண்டும். அப்புறம், அவளுக்குச் சம்மதம் என்றால் பாப்பாவையும் நானே நம்ம பையனோடு கூட்டிப் போகிறேன், அவள் எட்டு மணிக்கே நேராகத் திருப்பூர் கிளம்பிவிடலாம். யோசிக்கிறாள் என்றால் விட்டுவிடுவேன். முந்தாநாள் கேட்டில் கத்தின கிழவனோடு பெண்பிள்ளையை அனுப்ப யார்தான் யோசிக்க மாட்டார்கள், நானாக இருந்தால் அனுப்பவே மாட்டேன். வேண்டுமானால் முதல் ஒரு வாரம் நீயும் கூட வா. மூன்று பேர் நாலு பேராகப் போனால் அந்தத் தண்ணீர் லாரிக்காரன் கண்ணுக்காவது தெரிவோம்.

அந்த 40 மீட்டருக்கு மாநகராட்சிக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். மணலை எடுக்கணும், சாக்கடைக்கு ஸ்லாப் போடணும், ரோட்டுக்கும் நடக்கிற இடத்துக்கும் நடுவில் வரிசையாகக் கல் நடணும், லாரி எட்டிலிருந்து ஒன்பது வரைக்கும் வரக் கூடாது. இது நாலும்தான் கேட்டிருக்கிறேன். உன் கையெழுத்து வேண்டும், டீசல் வண்டிக்காரர் கையெழுத்தும் வாங்கிவிடலாம், ஆள் மரியாதையானவர். எட்டு வைத்து அளந்ததை மனுவில் எழுத முடியாது என்பதால் நம்ம தோட்டத்து டேப்பைக் கொண்டுவருகிறேன். அது 30 மீட்டர் டேப்பு, ரெண்டு தடவையாகப் பிடிக்க வேண்டியிருக்கும், ஒரு முனையைப் பையன் பிடித்துக்கொள்வான். முருங்கைக்காயும் பத்துத் தேங்காயும் கொண்டுவரச் சொல்லி உங்கம்மா இப்போதே சாக்கு எடுத்து வைத்துவிட்டாள், சரவணம்பட்டி ஸ்டாப்புக்கு வந்து இறக்கிக்கொள்ள யாரையாவது அனுப்பு.

அப்பா